தேர்வு நேரத்தில் வரும் ஒற்றைத் தலைவலி வெறும் டென்ஷன்தானா?

"டென்ஷன்தான், படிப்பு முடிஞ்சா போயிடும்" என்று வீட்டில் சொல்வது சரியா எனக் கேட்டிருக்கிறீர்கள். விடுதியில் தங்கிப் படிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். சென்னையில் பொறியியல் படித்த காலம் முழுக்க இதையே கேட்டவள் என்பதால் எழுதுகிறேன்.

எனக்குப் பரீட்சையன்று வலி வராது. கடைசிப் பேப்பர் முடிந்து ஊருக்குப் போகத் துணி எடுத்துவைக்கும்போதுதான் ஆரம்பிக்கும். இடது கண்ணுக்குப் பின்னால் விண்விண்ணென்று தெறிக்கும். டியூப்லைட் வெளிச்சம் ஆகாது, மெஸ்ஸில் தாளிக்கிற வாசம் வந்தாலே குமட்டும். துப்பட்டாவை நெற்றியில் இறுக்கிக் கட்டிக்கொண்டு இருட்டில் கிடப்பேன். "பரீட்சைதான் முடிஞ்சிருச்சே, இப்ப என்ன டென்ஷன்?" என்றார் வார்டன் மேடம். நான் நடிக்கிறேன் என்றே முடிவுகட்டிவிட்டார். அந்த அவமானம் இன்னும் ஆறவில்லை.

அழுத்தம் ஏறும்போது மட்டுமல்ல, சட்டென்று இறங்கும்போதும் மைக்ரேன் என்கிற இந்த ஒற்றைத் தலைவலி வரும் என்று பிறகு நரம்பியல் மருத்துவர் சொன்னார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். அதன்பிறகு வீட்டில் யாரும் என்னைச் சோம்பேறி என்று சொல்லவில்லை.

இது மூளை நரம்பு சம்பந்தப்பட்ட நோய், பரம்பரையாகவும் வரும். மன அழுத்தம், தூக்கம் கெடுவது, காலையில் சாப்பிடாமல் ஓடுவது எல்லாம் அதைக் கிளப்பிவிடுகின்றன, அவ்வளவுதான். மருந்தில்லாமல் விட்டால் 4 மணி நேரம் முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கும். அதற்காகக் கடையில் வாங்கி விழுங்கிக்கொண்டே இருக்காதீர்கள். பாராசிட்டமாலை மாதத்தில் 15 நாளுக்குக் குறையாமல் 3 மாதத்துக்கு மேல் போட்டால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். பல மருந்து கலந்த மாத்திரைகளையும், மைக்ரேனுக்கென்றே தரும் டிரிப்டான் வகை மாத்திரைகளையும் மாதத்தில் 10 நாள் போட்டாலே அந்த நிலை வந்துவிடும்.

மருந்துக்கு விளம்பரம் செய்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். யோகாவில் குணம் கண்டவர்களை நான் மறுக்கவில்லை. எனக்கு உதவியவை, மைக்ரேன் வராமல் தடுக்கத் தரும் புரோப்ரனலால் மருந்தும் நேரத்துக்குத் தூங்கியதும். ஆஸ்துமா இருப்பவர்களுக்கு அந்த மருந்து ஆகாது, அதனால் மருத்துவரைப் பார்க்காமல் தொடாதீர்கள்.

தூக்கம் என்றதும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எங்கள் கல்லூரியில் லைப்ரரி இரவு எட்டு மணி வரை திறந்திருக்கும். பெண்கள் விடுதிக்கு மட்டும் ஆறரைக்கே கேட் பூட்டு. பசங்க அங்கே படித்துவிட்டு வந்து தூங்குவார்கள். நாங்கள் நள்ளிரவு தாண்டியும் போன் திரையில் பிடிஎஃப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டோம். கேட்டால் பாதுகாப்பு என்பார்கள். வளாகத்துக்குள்ளேயே இருக்கிற லைப்ரரிக்குப் போக என்ன பாதுகாப்புக் குறைச்சல்? அந்த நேரம் இன்னும் மாறவில்லை என்று ஜூனியர் பெண்கள் சொல்கிறார்கள்.