நினைவு தப்பியது மாமியாருக்கு அல்ல

கேள்வி: எனக்கு வயது 54. கோலாலம்பூர், செந்தூலில் வசிக்கிறேன். அடுப்பை அணைத்தேனா, கதவைப் பூட்டினேனா என்பதெல்லாம் உடனுக்குடன் மறந்துவிடுகிறது. காலை வேலைகளை ஜொகூரில் இருக்கும் மகளோடு கைத்தொலைபேசியில் பேசியபடியே முடிப்பேன். சென்ற வாரம் மாமியாருக்கு இரத்த அழுத்த மாத்திரையை இரண்டு முறை கொடுத்துவிட்டேன். "இப்போதுதானே கொடுத்தாய்" என்றார்; வயதானவர் பேச்சென்று விட்டுவிட்டேன். எனக்கு மறதி நோயா?
– ஒரு மருமகள்

பதில்: நோயா இல்லையா என்பதை மருத்துவர்தான் சோதித்துச் சொல்ல வேண்டும். நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்ட மாமியாரின் சொல்லை நான் விடுவதாக இல்லை. அந்த வீட்டில் அன்று காலை நடந்ததைச் சரியாக நினைவில் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். அவருடைய வாயை அடைத்துவிட்டு, உங்கள் நினைவைப் பற்றி எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள்.

காதால் கேட்ட கட்டளையைவிடக் கையால் செய்து பார்த்த செயல் நன்றாக நினைவில் நிற்கும் என்பதை 1980களிலிருந்தே உளவியலாளர்கள் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். ஆனால் அவர்கள் செய்யச் சொன்னவை தீக்குச்சியை ஒடிப்பது போன்ற, ஒன்றுக்கொன்று வேறுபட்ட செயல்கள். நாள்தோறும் அதே அட்டையிலிருந்து அதே மாத்திரையை எடுக்கும் கைக்கு நேற்றும் இன்றும் ஒன்றுதான். இன்றையதைத் தனியே பிரித்துக் காட்டுவது அந்த நேரத்துக் கவனம் மட்டுமே, அதையோ நீங்கள் ஜொகூருக்கு அனுப்பிவிட்டீர்கள். சொற்களை நினைவில் வைக்கும் சோதனைகளைக் கொண்டு உளவியலாளர் ஃபெர்கஸ் கிரெய்க்கும் சக ஆய்வாளர்களும் 1996இல் வெளியிட்ட ஆய்வில், நினைவுகூரும்போது கவனம் சிதறுவதைவிட, மனத்தில் பதியும்போது சிதறுவதே பெரும் சேதம் விளைவிப்பதாகக் கண்டார்கள். ஆகவே, பிறகு நெற்றியைத் தேய்த்துக்கொண்டு யோசித்துப் பயனில்லை.

அழுத்த மாத்திரை இருமடங்கானால் இரத்த அழுத்தம் அளவுக்கு மீறி இறங்கி, மூதாட்டி மயங்கி விழக்கூடும். அன்றே கிளினிக்கை அழைத்துக் கேட்டதாக உங்கள் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை. இப்போதாவது அவருடைய மருத்துவரிடம் நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். பெரியவருக்கு மருந்து கொடுப்பது பாத்திரம் கழுவுவதோடு சேர்த்து முடிக்கும் வேலையன்று. அது மருமகளின் கடமை, மகனின் கடமையும்கூட. உங்கள் கணவரைப் பற்றிக் கடிதம் மூச்சுவிடாததையும் கவனித்தேன்.

ஃபார்மசியில் கிழமை வாரியாக அறைகள் உள்ள மாத்திரைப் பெட்டியை வாங்குங்கள். கைத்தொலைபேசியைக் கூடத்தில் வைத்துவிட்டு, மாமியார் எதிரில் உட்கார்ந்து, "அத்தை, இது புதன்கிழமை காலை மாத்திரை" என்று வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டாய் என்று அவர் சொன்னால் கையை நிறுத்திவிட்டுப் பெட்டியைப் பாருங்கள். மகளை அதன் பிறகு அழைக்கச் சொல்லுங்கள். அழைத்தால் முதலில் பாட்டியிடம் பேசட்டும்.