கன்றுகள் பிழைத்தும் பறவைக் கணக்கு கூடவில்லையே?

சிதைந்த ஆற்றங்கரையில் மரக்கன்றுகள் நட்டு 4 வருடமாகியும் பறவைகள் கூடவில்லை என்பதை மட்டும் வைத்து ஆற்றோர மீட்பு தோற்றது என்று அறிக்கை எழுதிவிடாதீர்கள். உங்கள் அட்டவணையில் நடுவதற்கு 'முன்', நட்ட 'பின்' எண்ணியவை மட்டுமே இருக்கின்றன. வறண்ட பகுதியில் ஒரு பருவம் மழை பொய்த்தாலே எல்லாக் கரையிலும் கணக்கு இறங்கலாம். அருகில் கைவைக்காத சிதைந்த கரை ஒன்றையும், இன்னும் கெடாத கரை ஒன்றையும் அதே மாதத்தில் எண்ணினால்தான் ஒப்பிட முடியும்.

என் சந்தேகம் வேறு. முன்பு வெட்டவெளி, 80 மீட்டரில் இருந்த குருவியும் கண்ணில் பட்டது. இப்போது புதர் மறைக்கிறது. பறவை இருக்கும், பார்வைக்குச் சிக்காது.

சரிபார்க்க:

1. 250 மீட்டருக்கு ஒரு புள்ளி (நின்று எண்ணும் இடம்). விடிந்த 3 மணி நேரத்துக்குள், புள்ளிக்கு 10 நிமிடம்.
2. ஒவ்வொரு பறவைக்கும் தூரம் குறியுங்கள்: 0–25 மீட்டர், 25–50 மீட்டர், அதற்கும் மேல். குரல் மட்டும் கேட்டதைத் தனியாக.
3. மூன்று கரைகளிலும் முதல் வட்டத்தை (0–25 மீட்டர்) மட்டும் ஒப்பிடுங்கள். பழைய தரவில் தூரம் இல்லையென்றால் அதை இதில் கலக்காதீர்கள்.

அப்போதும் நட்ட கரைக்கும் சிதைந்த கரைக்கும் வித்தியாசம் இல்லையென்றால், நட்ட கரையில் அரை மீட்டர் முதல் 3 மீட்டர் உயரம் வரை இலை இருக்கிறதா பாருங்கள். ஆடு மேய்ந்த கரையில் மேலே குடைபோல் மர இலை, கீழே வெறுந்தரை. புதரில் கூடு கட்டும் இனம் அங்கே தங்காது.

இன்னொன்று: கணக்கு கூடினாலும் அது வலசைப் பறவைகளின் இளைப்பாறலாக இருக்கலாம். இனப்பெருக்கப் பருவத்தில் கூடுகளைத் தொடர்ந்து பார்த்து, எத்தனையில் குஞ்சு பறந்தது என்பதையும் பதியுங்கள்.