அரசன் இறந்தபின் மெய்க்காவலன் என்ன செய்வான்?

கேள்வி: கற்பனைத் தீவு நாடு ஒன்றைக் களமாக வைத்து மிகுபுனைவு நாவல் எழுதி வருகிறேன். சோழர் காலத்து வேளைக்காரப் படையை மனத்தில் கொண்டு நாயகனை அமைத்திருக்கிறேன். அரசனை உயிர் கொடுத்தும் காப்பேன் என்று வாளின்மீது ஆணையிட்டவன் அவன். 12ஆம் அத்தியாயத்தில் அரசனே அவனை எல்லைக் கோட்டைக்கு அனுப்பியிருக்கும் சமயத்தில் அரசன் கொல்லப்படுகிறான். அதன்பின் 8 அத்தியாயங்களுக்கு நாயகன் கொலையாளிகளைத் தேடிப் பழிதீர்க்கிறான். படித்துப் பார்த்த நண்பர்கள், “சண்டை நன்றாக இருக்கிறது, ஆள்தான் மனத்தில் நிற்கவில்லை” என்கிறார்கள். “வேளைக்காரன் என்றால் அரசனோடு அவனும் இறந்திருக்க வேண்டும், உன் நாயகன் உயிரோடு திரிவதே பிழை” என்று ஒருவர் சொல்லிவிட்டார். நான் என்ன செய்வது? வாள் சண்டையைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லுங்கள்.

பதில்: அந்த நண்பருக்கு நீங்கள் நன்றி சொல்ல வேண்டும். பிழை என்று அவர் சுட்டிய இடத்தில்தான் உங்கள் நாவல் இருக்கிறது. நீங்களோ அதை ஒரே வரியில் தாண்டிப் போயிருக்கிறீர்கள். கடிதத்தோடு நீங்கள் இணைத்திருந்த கதைச்சுருக்கத்தில், “செய்தி கேட்டதும் அவன் கண்கள் சிவந்தன, வாளை உருவினான்” என்று 12ஆம் அத்தியாயம் முடிகிறது. அடுத்த அத்தியாயம் தொடங்கும்போது அவன் குதிரைமேல் இருக்கிறான். உயிர் கொடுப்பேன் என்று சொன்ன ஒருவன், கொடுக்க வேண்டிய வேளையில் கொடுக்க முடியாமல், அந்த உயிரைச் சுமந்துகொண்டு நிற்கும் அந்த இடைவெளியை நீங்கள் எழுதவே இல்லை.

வேளைக்காரர் என்ற பெயரிலிருந்தே தொடங்கலாம். குறித்த வேளை வரும்போது அரசனுக்காக உயிரைக் கொடுக்க உறுதி பூண்டவர்கள் என்பதே அந்தப் பெயருக்குப் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ‘அழகிய சோழத் தெரிந்த வலங்கை வேளைக்காரர்’ என்பது போன்ற படைப்பெயர்கள் வருகின்றன. ‘தெரிந்த’ என்றால் தேர்ந்தெடுக்கப்பட்ட என்று பொருள். அதற்கு முன்னால் நிற்பது பெரும்பாலும் அரசனின் பட்டப்பெயர். அதாவது, படையில் சேர்ந்தவனுடைய அடையாளத்திலேயே அரசன் ஒட்டிக்கொண்டிருக்கிறான். பாண்டியர்களுக்கு இவர்களைப் போலவே ‘தென்னவன் ஆபத்துதவிகள்’ இருந்தார்கள். சொன்ன சொல்லுக்காக உயிரைத் தருவதைத் தொல்காப்பியம் வெற்றியைப் பாடும் வாகைத் திணையில் ‘அவிப்பலி’ என்ற துறையாகவே வைத்திருப்பதால், இது சோழர் காலத்தில் புதிதாக முளைத்த எண்ணமும் அன்று.

இப்போது உங்கள் ஆணைக் காட்சிக்கு வருவோம். மண்டியிட்டு, வாளை நீட்டி, நீண்ட வசனம் பேசி ஆணையிடும் காட்சியை நாம் திரையில் நூறு முறை பார்த்துவிட்டோம். அதை எடுத்துவிடுங்கள். 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய, பாரசீக வளைகுடாத் துறைமுகமான சிராஃப் நகரத்து அபூ சையத், இந்திய அரசர்கள் சிலரைப் பற்றி ஒரு செய்தியைப் பதிவு செய்திருக்கிறார். அரசன் பட்டமேறும்போது சோறு சமைத்து வாழையிலையில் அவன்முன் வைக்கிறார்கள். 300, 400 தோழர்கள் தாமாக முன்வந்து, அவன் கையால் ஆளுக்குக் கொஞ்சம் வாங்கி உண்கிறார்கள். அந்தச் சோற்றை உண்டவர்கள் அத்தனை பேரும் அரசன் இறக்கும் நாளில் தாமும் தீப்பாய வேண்டும். செஞ்சோற்றுக் கடன் என்று நாம் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டுப் போகும் சொல்லுக்கு இதைவிடக் கூர்மையான காட்சி எனக்குத் தெரியவில்லை. உங்கள் நாயகன் வாய் திறந்து ஒரு சொல்லும் சொல்ல வேண்டியதில்லை. சூடாக இருக்கும் அந்தப் பிடிச் சோற்றை உள்ளங்கையில் வாங்கி, ஊதக்கூடத் தோன்றாமல் விழுங்கட்டும். பக்கத்தில் நிற்கும் வயதில் இளையவன் ஒருவன் மென்று முடிக்க நேரம் எடுத்துக்கொள்ளட்டும். அதற்குப் பிறகு நாவலில் அவன் சாப்பிட உட்காரும் ஒவ்வொரு முறையும் அந்த முதல் பிடி வாசகருக்கு நினைவு வரும்.

ஆணை ஒருபக்கமானதும் அன்று. இதை நீங்கள் முழுவதும் விட்டுவிட்டீர்கள். போரில் இறந்த வீரனின் குடும்பத்துக்குக் கொடுக்கப்பட்ட நிலத்தை நம் கல்வெட்டுகள் ‘உதிரப்பட்டி’ என்கின்றன. நடுகற்களில் ‘நெய்த்தோர்ப்பட்டி’ என்றும் வரும். நெய்த்தோர் என்றாலும் இரத்தம்தான். பல்லவ மன்னன் கம்பவர்மனின் 20ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த மல்லம் கல்வெட்டு, ஒருவன் தன் தலையையே அரிந்து கொற்றவைக்குப் படைத்ததையும், அதற்காக அவன் வழியினருக்கு நிலம் விடப்பட்டதையும் சொல்கிறது. ஆக, உங்கள் நாயகனின் வீட்டில் யாரோ ஒருவர் அந்த நிலக்கணக்கை அறிந்திருப்பார். அவன் தாயோ மனைவியோ, அவன் இறந்தால் தமக்கு வரப்போகும் வயலின் எல்லைகளைச் சொல்லக்கூடிய நிலையில் இருப்பார்கள். அவன் உயிரோடு திரும்பி வந்தால் அந்த வயல் வராது. இந்த ஓர் உண்மை மட்டும் அந்த வீட்டு வாசலில் எத்தனை சங்கடமான உரையாடல்களைத் தரும் என்று யோசித்துப் பாருங்கள்.

நண்பர் சொன்ன விதிக்கு வரலாற்றில் சான்று உண்டு. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, அரசன் உடல் எரியும்போது அவனுக்கு நெருக்கமான மெய்க்காவலர்கள் தாமும் அந்தத் தீயில் விழுவதைக் குறிப்பிடுகிறார். கன்னட நாட்டை ஆண்ட போசளர்களிடம் இப்படி உறுதி பூண்டவர்களைக் கருடர் என்றார்கள். போசள மன்னன் இரண்டாம் வீர வல்லாளன் 1220இல் இறந்தபோது, குவர லட்சுமன் என்ற படைத்தலைவன் தன் மனைவியோடும் தன்னைச் சேர்ந்த வீரர்களோடும் உயிர்விட்டதை அளேபீட்டுத் தூண் ஒன்று இன்றும் சொல்லி நிற்கிறது. தமிழ்நாட்டில் நவகண்டச் சிற்பங்களை ஊர்ப்புறக் கோயில்களில் நீங்களே பார்த்திருக்கலாம்: ஒரு கை தன் குடுமியை இழுத்துப் பிடித்திருக்கும், மறு கையின் வாள் கழுத்தில் பதிந்திருக்கும். இப்படிப்பட்டவர்கள் வாழ்ந்த உலகத்தில்தான் உங்கள் நாயகன் உயிரோடு இருக்கிறான். ஆகவே, அவன் உயிரோடு இருப்பதை அந்த உலகம் கவனிக்காமல் விடாது.

ஆனால் விதிக்கு விலக்கான ஒருவரும் நம் கல்வெட்டிலேயே இருக்கிறார். நண்பருக்கு நீங்கள் சொல்ல வேண்டிய பதில் அவர்தான்.

949இல் தக்கோலப் போரில் சோழ மன்னன் முதலாம் பராந்தகனின் மகன் இராசாதித்தன் யானைமேல் இருந்தபடியே கொல்லப்பட்டான். ‘ஆனைமேல் துஞ்சின தேவர்’ என்று பிற்காலத்தவர் அவனைக் குறித்தார்கள். அவனுடைய படைத்தலைவர்களில் ஒருவன் மலைநாட்டுப் புத்தூரைச் சேர்ந்த வெள்ளங்குமரன். போருக்கு 6 ஆண்டுகள் முன்பு, 943இல், பெண்ணையாற்றங்கரையில் இன்று ‘கிராமம்’ என்றே பெயர் வழங்கும் ஊரில் அவன் ஒரு சிவன் கோயிலைக் கற்றளியாக, அதாவது கல்லால், எடுப்பித்தான். அந்தக் கல்வெட்டில் அவன் பெரும்படை நாயகன். தக்கோலத்துக்குச் சுமார் 10 ஆண்டுகள் கழித்து, சோழரை வென்ற இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணனின் 20ஆம் ஆட்சியாண்டில், திருவொற்றியூரில் ஒரு கல்வெட்டு பொறிக்கப்படுகிறது. சதுரானன பண்டிதர் என்ற மடத்துத் தலைவரின் கதை அது. அவர் கேரளத்திலிருந்து வந்தவர், இராசாதித்தனுக்கு நெருக்கமாக இருந்தவர். போர்க்களத்தில் அவனோடு சேர்ந்து இறக்கும் வாய்ப்பைத் தவறவிட்டதைத் தம் பிறப்புக்கும் தம் தலைவனுக்கும் தகாததாக எண்ணி, கங்கையில் நீராடி, துறவு பூண்டு, திருவொற்றியூரில் நிரஞ்சன குருவிடம் தீட்சை பெற்றார் என்று அது சொல்கிறது. இந்தச் சதுரானனரும் அந்த வெள்ளங்குமரனும் ஒருவரே என்பது ஆய்வாளர்களின் கருத்து.

இதில் என்னை நிறுத்தியது எது தெரியுமா? அவர் பழிதீர்க்கவில்லை. பெரும்படையை நடத்திய ஒருவர், தம் இளவரசனைக் கொன்ற தரப்பின் ஆட்சியாண்டு பொறித்த கல்லில், தாம் அன்று அங்கே இல்லை என்பதைத் தம் வரலாறாகவே எழுதிவைக்க இடம் தந்திருக்கிறார். மறைத்திருக்கலாம், துறவியிடம் முன்கதையை யார் கேட்கப் போகிறார்கள்? எந்தப் போரில் வென்றார் என்பதற்கு மேலாக, எந்தப் போரில் இல்லாமல் போனார் என்பதே அவருடைய அடையாளமாகிவிட்டது. நீங்கள் உங்கள் நாயகனைத் துறவியாக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவன் ஏன் பழிதீர்க்கப் போகிறான் என்பதற்குக் கோபத்தைத் தவிர வேறொரு காரணம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். என் ஊகத்தைக் கேட்டால், அவனுக்கு வீடு திரும்பும் தைரியம் இல்லை. கொலையாளியைத் தேடிப் போகும்வரை ‘நீ ஏன் இன்னும் இருக்கிறாய்’ என்று யாரும் அவனைக் கேட்க மாட்டார்கள். கடைசிக் கொலையாளி விழுந்த மறுநாள் அந்தக் கேள்வி வந்துவிடும் என்பதும் அவனுக்குத் தெரியும். அப்படியானால், 8 அத்தியாயங்களில் எங்கோ ஓர் இடத்தில் அவன் வேண்டுமென்றே ஒருவனைத் தப்பவிடுவான். அந்தக் காட்சியை எழுதுங்கள்; ஆள் கண்ணில் நிற்பான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அரசன் அவனை ஏன் எல்லைக்கு அனுப்பினான்? உங்கள் சுருக்கத்தில் அது கதை நகர்வதற்கான வசதியாக மட்டுமே இருக்கிறது. வேளைக்காரர்களின் வரலாற்றில் அரசனின் கட்டளையே சிக்கலான ஒரு தருணம் உண்டு. இலங்கையில் முதலாம் விசயபாகு (1055–1110) தன் படையிலிருந்த வேளைக்காரர்களைச் சோழருக்கு எதிராகப் போரிட ஏவியபோது, அவர்கள் மறுத்துக் கிளர்ந்தெழுந்து, இரண்டு தளபதிகளைக் கொன்று, அரண்மனையையும் எரித்தார்கள் என்று இலங்கையின் பழைய வரலாற்று நூலான சூளவம்சம் கூறுகிறது. தப்பியோடிய அரசன் திரும்பி வந்து, கிளர்ச்சித் தலைவர்களைக் கைகட்டி, கொல்லப்பட்ட தளபதிகளின் சிதையருகே எரித்தான். கதை அதோடு முடியவில்லை. விசயபாகு இறந்தபின், அவன் எடுப்பித்த புத்தர் பல் கோயிலைத் தங்கள் மரபு உள்ளவரை காப்போம் என்று பொலன்னறுவையில் தமிழில் கல்வெட்டு வெட்டி உறுதி கொடுத்தவர்களும் வேளைக்காரர்களே. அரசனின் ஆணையை மீறிய அதே பெயருடைய படையிடம்தான் நாட்டின் மிகப் புனிதமான பொருள் ஒப்படைக்கப்பட்டது. எனவே உங்கள் அரசன் நாயகனை நம்பி அனுப்பினானா, அஞ்சி அனுப்பினானா என்பதை நீங்கள் முடிவு செய்துவிடுங்கள். நாயகனுக்கு அது நாவலின் பாதிவரை தெரியாமல் இருந்தால் இன்னும் நல்லது.

வாள் சண்டையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனெனில் உங்களுக்கு அது ஏற்கெனவே வருகிறது. ஒரு கையால் வீசும் வாள் பெரும்பாலும் 1 கிலோவை ஒட்டியே இருக்கும். ‘மலைபோல் கனத்த வாள்’ என்று நீங்கள் 3 இடங்களில் எழுதியிருப்பதை அடித்துவிடலாம். மெய்க்காவலன் எதிரியை வெல்வதற்காகச் சண்டையிடுவதில்லை. அரசன் அந்த இடத்தைவிட்டு அகலும்வரை நேரம் வாங்குகிறான். ஆகவே அவன் கண் எதிரியின் முகத்தில் இருக்காது, கூட்டத்திலுள்ளவர்களின் கைகளில் இருக்கும். அரசன் இறந்தபிறகும் அந்தப் பழக்கம் அவனைவிட்டுப் போகாது. யாரும் இல்லாத சத்திரத்தில்கூட, காக்க வேண்டிய ஒருவருக்கு இடம் விட்டு, ஓரடி முன்னும் ஓரடி இடப்புறமும் தள்ளியே நிற்பான்.

இப்போதைக்குப் பழிதீர்க்கும் அத்தியாயங்களைத் தொடாதீர்கள். 12க்கும் 13க்கும் நடுவே புதிதாக ஒன்று எழுதுங்கள்: அவன் கோட்டையிலிருந்து திரும்பி வருகிறான், சிதை ஆறிவிட்டது, அன்று அவனோடு சோறு வாங்கி உண்டவர்களில் மென்று முடிக்கத் தாமதித்த அந்த இளையவனின் பெயரும் இறந்தவர் பட்டியலில் இருக்கிறது. அரண்மனை மடைப்பள்ளியில் அவனைக் கண்ட கிழவர் ஒருவர், பழக்கதோசத்தில் இலை போட்டுவிட்டு, பிறகு பரிமாறுவதா வேண்டாமா என்று தெரியாமல் கரண்டியோடு நிற்கிறார். அந்த அத்தியாயத்தை மட்டும் எழுதி எனக்கு அனுப்புங்கள்.