ஐடில்ல நல்லா ஓடுது, மிதிச்சா மிஸ்ஸிங் அடிக்குது: பழைய 1.8 டர்போ ஆக்டேவியாவுல எங்க இருந்து பாக்க ஆரம்பிக்கணும்?

கோயம்புத்தூர்ல இருந்து ஒரு வாசகர் கேட்டிருக்காரு. 2006 மாடல் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ், 1.8 டர்போ பெட்ரோல், 1,30,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு. ஊருக்குள்ள மெதுவா ஓட்டினா ஒரு பிரச்சினையும் இல்ல, பைபாஸ்ல லாரிய ஓவர்டேக் பண்ண மூணாவது நாலாவது கியர்ல அழுத்தி மிதிச்சா 2500 ஆர்பிஎம் தாண்டினதும் வண்டி வெட்டி வெட்டிப் போகுது, செக் எஞ்சின் லைட்டு மின்னுது. ஸ்கேன் பண்ணினா பி0300, பி0303ன்னு ரெண்டு ஃபால்ட் கோட் வருது. பிளக் நாலும் மாத்தியாச்சு, ஏர் ஃபில்டர் பெட்ரோல் ஃபில்டரும் மாத்தியாச்சு, இப்ப மெக்கானிக் டர்போ போயிருச்சு கழட்டணும்னு சொல்றாராம். கழட்டலாமா?

வேண்டாங்க, இப்போதைக்கு டர்போ மேல கையே வைக்க விடாதீங்க. டர்போ வீக் ஆனா பிக்கப் குறையும், விசில் சத்தம் மாறும், நீலப் புகை வரும், ஆனா அது நாலு சிலிண்டருக்கும் பொதுவா காத்து குடுக்கிற சாமான், மூணாவது சிலிண்டர மட்டும் தனியா மிஸ் ஆக வைக்காது. பி0303ன்னா மூணாவது சிலிண்டர்ல மிஸ்ஃபயர், அதாவது உள்ள போன பெட்ரோல் சரியா எரியல, பி0300ன்னா பொதுவா மிஸ்ஃபயர் இருக்குன்னு மட்டும் அர்த்தம். உங்க ஸ்கேனரே எங்க பாக்கணும்னு சொல்லிருச்சு.

அதுக்கு முன்னாடி ஒண்ணு, அந்த லைட்டு சும்மா எரியறது வேற, மின்னுறது வேற. மின்னுச்சுன்னா எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போயி கேட்டலிட்டிக் கன்வெர்டருக்குள்ள எரியுதுன்னு அர்த்தம், உடனே ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடுங்க, மெதுவா வீட்டுக்கு ஓட்டிட்டு வாங்க. எஞ்சின் ஓடும்போதே ஒவ்வொரு காயிலா (பிளக்குக்கு ஸ்பார்க் வர்றதுக்கு ஹை வோல்டேஜ் குடுக்கிற சாமான்) பிடுங்கி எது மிஸ்ஸாகுதுன்னு பாக்கிற பழைய முறையும் இந்த வண்டிக்கு ஆகாது, அதுலயும் பச்சைப் பெட்ரோல்தான் கன்வெர்டருக்குப் போகும். அப்படிப் பாத்தே ஆகணும்னா பெட்ரோல பீச்சுற இன்ஜெக்டரோட கனெக்டர கழட்டிப் பாக்கச் சொல்லுங்க, அந்த சிலிண்டருக்குப் பெட்ரோலே போகாது.

ஐடில்ல நல்லா இருந்து மிதிச்சா மட்டும் ஏன் வெட்டுதுன்னா, டர்போ பூஸ்ட் குடுக்கும்போது, அதாவது காத்த அழுத்தி உள்ள தள்ளும்போது, சிலிண்டருக்குள்ள காத்து நெருக்கமா அடைஞ்சிருக்கும், அந்த நெருக்கத்துல பிளக் கேப்ப தாண்டி ஸ்பார்க் குதிக்கணும்னா இன்னும் அதிக வோல்டேஜ் வேணும். வீக்கான காயில் ஐடில்ல சமாளிச்சிடும், பூஸ்ட்ல சமாளிக்காது. இந்த 1.8 டர்போவுல ஒவ்வொரு பிளக்குக்கும் மேலயே ஒரு காயில் உக்காந்திருக்கு, எஞ்சின் சூடு முழுக்க அது தலையிலதான். இதே குடும்ப எஞ்சின்ல காயில் போற கம்ப்ளைன்ட் ரொம்பப் பேருக்கு வந்து, 2003ல அமெரிக்காவுல ஃபோக்ஸ்வேகனே முன்வந்து மாத்திக் குடுத்தாங்க. அதனால என்னோட முதல் சந்தேகம் எப்பவும் காயில்தான்.

செலவே இல்லாம பாக்கலாம். எஞ்சின் ஆறினப்புறம் மூணாவது காயிலயும் ரெண்டாவது காயிலயும் இடம் மாத்திப் போடுங்க. டைமிங் பெல்ட் இருக்கிற பக்கம், அதாவது நம்ம ஊரு வண்டியில டிரைவர் பக்கம் இருக்கிறதுதான் ஒண்ணாவது சிலிண்டர், அங்க இருந்து எண்ணிக்கோங்க. கனெக்டர் லாக் இத்தனை வருஷத்துல காஞ்சு போயிருக்கும், ஒயர புடிச்சு இழுக்காம லாக்க மெதுவா அமுக்கி எடுங்க. கோட அழிச்சிட்டு அதே ரோட்டுல அதே கியர்ல ஓட்டிப் பாருங்க. இப்ப பி0302 வந்துச்சுன்னா காயில் கூடவே மிஸ்ஸிங்கும் நகர்ந்திருக்கு, குற்றவாளி கிடைச்சாச்சு. விசிடிஎஸ் மாதிரி ஸ்கேனர் இருந்தா கோட் வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம், மெசரிங் பிளாக் (ஸ்கேனர்ல எஞ்சின் அளவுகள காட்டுற பக்கம்) 15லயும் 16லயும் எந்த சிலிண்டர்ல எத்தனை தடவை மிஸ் ஆகுதுன்னு ஓட ஓடவே எண்ணிக்கை ஏறும், பக்கத்து சீட்ல ஒருத்தர உக்கார வச்சு பாக்கச் சொல்லுங்க.

காயில எடுக்கும்போதே கீழ ரப்பர் பூட்ட நல்லா பாருங்க. அதுல தலைமுடி மாதிரி மெல்லிசா ஒரு கோடு மேலருந்து கீழ ஓடியிருந்தா ஸ்பார்க் பிளக்குக்குப் போகாம வெளியில பாடிக்குத் தாவுதுன்னு அர்த்தம். பிளக் குழியில ஆயில் நின்னா வால்வ் கவர் கேஸ்கெட் லீக், அத சரி பண்ணாம புது காயில் போட்டா அந்த ஆயில் ரப்பர ஊற வச்சு அதையும் கெடுத்துரும்.

பிளக் மாத்தியாச்சுன்னு சொன்னீங்க, எந்த பிளக்னு சொல்லலையே. கடையில மாடல் தெரியாம சாதா எஞ்சினுக்கு வர்ற 1.1 மி.மீ. கேப் பிளக்க குடுத்திருந்தா பூஸ்ட்ல ஸ்பார்க் அணைஞ்சு போகும். இதுக்கு 0.7ல இருந்து 0.8 மி.மீ. குள்ள இருக்கணும், ஃபீலர் கேஜ் வச்சு ஒரு தடவை அளந்துருங்க, இறுக்கிறது 30 நியூட்டன் மீட்டர்.

காயில் நகர்த்தியும் கோட் மூணுலயே நின்னா அப்புறம் பிளக்க மாத்திப் போடுங்க, அதுக்கும் அசையலன்னா ஒயர பாருங்க, காயில் கனெக்டருக்குப் பக்கத்துல ஒயர் மேல இருக்கிற உறை சூட்டுல வெடிச்சு செம்பு தெரியும், இந்த எஞ்சின்ல இது சகஜம். அப்புறம்தான் இன்ஜெக்டர். ஒரு நேரத்துல ஒரே ஒரு சாமான மட்டும் மாத்துங்க, ரெண்ட சேர்த்து மாத்தினா எது காரணம்னு கடைசி வரைக்கும் தெரியாது. இவ்வளவும் பாத்தும் தீரலன்னா கம்ப்ரஷன் டெஸ்ட் (சிலிண்டருக்குள்ள அழுத்தம் எவ்வளவு ஏறுதுன்னு அளக்கிறது), நாலு சிலிண்டருக்கும் நடுவுல 3 பாருக்கு மேல வித்தியாசம் வந்தா வால்வோ ரிங்கோ போயிருக்கு, அது வேற கதை.

ஒருவேளை கோட் ஒரே சிலிண்டர்ல நிக்காம இன்னைக்கு ஒண்ணு நாளைக்கு நாலுன்னு அலைஞ்சா காத்து லீக்கத்தான் தேடணும். த்ராட்டிலுக்கு முன்னாடி இன்டர்கூலர் ஹோஸ் கிழிஞ்சிருந்தா ஏர் மாஸ் சென்சார் அளந்த காத்து வழியிலயே வெளியே போயிடும், ஈசியு (எஞ்சின் கம்ப்யூட்டர்) அது தெரியாம முழு அளவு பெட்ரோல ஊத்தும், கறுப்புப் புகையோட வெட்டும். மேனிஃபோல்டுக்கு அடியில இருக்கிற பிசிவி ஹோஸ் (எஞ்சின் உள்ள சேர்ற புகைய திரும்ப இழுக்கிற குழாய்) வெடிச்சிருந்தா நேர் எதிர், ஐடில்ல கணக்குல வராத காத்து உள்ள வந்து மிக்சர் லீனா போகும், அதாவது காத்துக்குப் பெட்ரோல் பத்தாது. ஈசியு எவ்வளவு பெட்ரோல கூட்டிக் குறைக்குதுன்னு காட்டுற மெசரிங் பிளாக் 32ல முதல் நம்பர் (ஐடிலுக்கானது) பிளஸ்ல எகிறும். கண்ணால தேடினா இதெல்லாம் மாட்டாது, ஸ்மோக் டெஸ்ட் (குழாய்களுக்குள்ள புகைய விட்டு எங்க கசியுதுன்னு பாக்கிறது) பண்ற கடைக்குப் போங்க. இங்க ஒரு விஷயம், இப்ப பங்க்ல கிடைக்கிறது இ20 பெட்ரோல், எத்தனால் கலந்ததால அதே காத்துக்குக் கொஞ்சம் அதிகமா பெட்ரோல் ஊத்த வேண்டியிருக்கு, அதனால பிளாக் 32ல ரெண்டாவது நம்பர் (ஓட்டும்போதுக்கானது) அஞ்சு ஆறு பர்சன்ட் பிளஸ்ல இருந்தா உடனே லீக்குன்னு முடிவு கட்டாதீங்க, 10ஐ தாண்டினா தேடுங்க.

காயில்தான்னு உறுதியாச்சுன்னா ஒண்ண மட்டும் மாத்தாம நாலையும் மாத்திருங்கன்னுதான் சொல்வேன், மத்த மூணுக்கும் அதே வயசுதான் ஆகுது, அதுல நல்லா இருக்கிற ஒண்ண டிக்கியில ஸ்பேரா போட்டுக்கோங்க. டூப்ளிகேட் காயில் மார்க்கெட்ல நிறைய ஓடுது, பில்லு இல்லாம வாங்காதீங்க. மாத்தினப்புறமும் மிஸ்ஸிங் இல்லாம பிக்கப் மட்டும் மந்தமா இருந்தா, இல்ல ஸ்டார்ட் பண்ணும்போது அடியில கலகலன்னு சத்தம் கேட்டா, கன்வெர்டர் உள்ள உடைஞ்சு அடைச்சிருக்கான்னு பாக்கச் சொல்லுங்க, மிஸ்ஸிங்கோட எத்தனை நாள் ஓட்டினீங்களோ அந்த அளவுக்கு அதுக்கு வாய்ப்பு இருக்கு.