வேலைவாய்ப்பு முகாமில் கேட்ட ரூ.3,000

தம்பி, வேலைவாய்ப்பு முகாமில் ஒரு ஸ்டாலில் 'பயிற்சி டெபாசிட்'னு 3,000 ரூபாய் கேட்டாங்கன்னு எழுதியிருக்கீங்க. முதல்ல அந்தப் பணத்தைக் கட்டாதீங்க. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்துற தனியார் துறை முகாமுக்குக் கட்டணமே கிடையாது. ஸ்டாலில் இருந்தவர் பணம் கேட்டதை அந்த அலுவலகத்திலேயே போய்ச் சொல்லுங்க.

தனியார் வேலைக்குப் போனா, வேலைவாய்ப்பு அலுவலகத்துல பதிஞ்ச தேதிப்படி கிடைக்கிற பதிவு மூப்பு போயிடுமோன்னு பயப்பட வேண்டாம். தனியார் வேலையில் சேர்ந்தாலும் பதிவு ரத்தாகாது. 3 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கணும், அவ்வளவுதான்.

14 ஸ்டாலில் பயோடேட்டா கொடுத்தும் ஒரு போன்கூட வரலைங்கிறீங்க. எனக்கும் அதே கதைதான். பி.காம். கடைசி வருஷம், 20 ஜெராக்ஸ் எடுத்துட்டுப் போய் துணிக்கடை நோட்டீஸ் மாதிரி விநியோகம் பண்ணினேன். யாரும் கூப்பிடலை. அடுத்த முகாமில் நாலே மேஜைக்குத்தான் போனேன். என்ன வேலை, எந்த ஊர், பிடித்தம் போகக் கையில் எவ்வளவு வரும்னு நின்னு கேட்டேன். பேசினவர் பேரையும் நம்பரையும் பயோடேட்டா நகலின் பின்பக்கம் எழுதிக்கிட்டேன். மூணாம் நாள் நானே போன் பண்ணினேன். ரெண்டு பேர் எடுக்கலை, ஒருத்தர் ஆள் எடுத்தாச்சுன்னார், நாலாமவர் "டேலி (கணக்கு எழுதுற சாஃப்ட்வேர்) தெரியும்னு போட்டிருந்த பையனா?"ன்னு கேட்டு நேர்முகத்துக்கு வரச் சொன்னார்.

உங்க டேலி சான்றிதழ் பயோடேட்டாவில ரெண்டாம் பக்கத்துக் கடைசியில கிடக்குன்னு எழுதியிருக்கீங்களே, அதை இன்னைக்கே பேருக்குக் கீழே தூக்கி வைங்க.