ஒரு தடவை எண் போட்டால் போதாது

பினாங்கு ஜார்ஜ்டவுனில் வேலை பார்த்துக்கொண்டே, மேற்படிப்புக்கான ஜிஆர்இ நுழைவுத் தேர்வுக்குத் தயாராகும் ஒரு வாசகி கேட்கிறார்: “ஒற்றைப்படை, இரட்டைப்படை கேள்வி வந்தால் 1, 2 என்று எண்ணைப் போட்டுப் பார்த்து விடை சொல்கிறேன். அடிக்கடி தப்பாகிறது. விதிகளை மனப்பாடம் செய்துவிடட்டுமா?”

மனப்பாடம் வேண்டாம். எண் போடுவதும் தப்பில்லை, ஒரே தடவை போட்டு நிறுத்துவதுதான் தப்பு.

ஒரு கணக்கு. க, ப முழு எண்கள். க² + 3ப ஒற்றைப்படை. க + ப, 2க + ப, க × ப ஆகியவற்றில் எது கட்டாயம் இரட்டைப்படை? நீங்கள் க = 1, ப = 2 என்று போடுவீர்கள். 1 + 6 = 7, நிபந்தனை சரி. 2க + ப = 4. இரட்டைப்படை வந்துவிட்டது என்று அதையே தட்டிவிடுவீர்கள். இப்போது க = 2, ப = 1 என்று திருப்பிப் போடுங்கள். 4 + 3, அதே 7. ஆனால் 2க + ப = 5. போச்சு! க × ப மட்டும் இரண்டு தடவையும் 2. அதுதான் விடை.

எண் போடுவதற்கு முன்னால் கணக்கின் தோலை உரித்துவிடுங்கள். வர்க்கம் எண்ணின் குணத்தை மாற்றாது. க ஒற்றை என்றால் க²-உம் ஒற்றைதான். 3 போன்ற ஒற்றைப்படையால் பெருக்கினாலும் மாறாது. ஆக க² + 3ப என்று மிரட்டுவது வெறும் க + ப. அது ஒற்றைப்படை என்றால் க, ப இரண்டில் ஒன்று ஒற்றை, மற்றது இரட்டை. அப்புறம் இரட்டைக்கு 0, ஒற்றைக்கு 1 என்று வைத்துக்கொண்டு, க = 0, ப = 1 ஒரு வரி, க = 1, ப = 0 ஒரு வரி. அவ்வளவுதான் வேலை. கணக்குப் பகுதியில் 27 கேள்விக்கு 47 நிமிடம் தரும் தேர்வில் இதற்குமேல் எழுத நேரமும் இல்லை.

கூட்டல் விதி மறந்தால் மொய்க் கவரை நினைத்துக்கொள்ளுங்கள். 51 வெள்ளி, 101 வெள்ளி. சேர்த்தால் 152, ஒற்றை காணாமல் போய்விடும். (சீன நண்பர் வீட்டுக் கல்யாணத்துக்கு இந்தக் கணக்கு ஆகாது. அங்பாவில், அதாவது பணம் வைத்துத் தரும் சிவப்பு உறையில், அவர்களுக்கு இரட்டைப்படைதான் மங்களம்.) பெருக்கலில் ஓர் இரட்டைப்படை இருந்தாலே மொத்தமும் இரட்டை. அதனால் ‘பெருக்குத்தொகை ஒற்றைப்படை’ என்று கேள்வியில் கண்டால் சந்தோஷப்படுங்கள்: உள்ளே இருக்கும் முழு எண் ஒவ்வொன்றும் ஒற்றைப்படை.

வகுத்தலுக்கு மட்டும் இந்த 0, 1 வித்தையைக் கொண்டுபோகாதீர்கள். 12-ஐ 4-ஆல் வகுத்தால் 3, 6-ஆல் வகுத்தால் 2. இரட்டையை இரட்டையால் வகுத்தும் இரண்டு விதமாக வருகிறது. வகுத்தலைப் பெருக்கலாக மாற்றி எழுதிவிட்டு யோசியுங்கள்.

இன்னொன்று, ‘முழு எண்’ என்ற சொல் கேள்வியில் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். இல்லாவிட்டால் ‘3க இரட்டைப்படை’ என்பதை வைத்து க இரட்டைப்படை என்று சொல்ல முடியாது. க 2/3 ஆகவும் இருக்கலாம். 0 இரட்டைப்படை, −3 ஒற்றைப்படை, இதில் சந்தேகமே வேண்டாம்.

பகா எண்களில் இரட்டைப்படை 2 ஒன்றுதான். இரண்டு பகா எண்களின் கூட்டுத்தொகை 45 என்று வந்தால் தேடிக்கொண்டிருக்காதீர்கள். கூட்டுத்தொகை ஒற்றை, ஆகவே ஒன்று 2. மற்றது 43.