சென்னை முதல் லே வரை பைக்கில்: ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர்?

கேள்வி: நண்பரும் நானும் ஜூலையில் ஆளுக்கொரு 350 சிசி பைக்கில் சென்னையிலிருந்து மணாலி வழியாக லடாக்கிலிருக்கும் லே போய்த் திரும்ப நினைக்கிறோம். 20 நாள் லீவு. போக வர சுமார் 6,300 கிலோமீட்டர், தினமும் 315 ஓட்டினால் போதும். கணக்கு சரிதானே?

வகுத்தது சரிதான், ஆனால் ஹைதராபாத் தாண்டி ஓட்டும் 315-ம், மணாலி-லே மலைச்சாலையில் வரும் சர்ச்சு என்ற இடம் தாண்டி ஓட்டும் 315-ம் ஒன்றில்லை. அதனால் கிலோமீட்டரை விட்டுவிட்டு மணிக்கணக்கில் யோசியுங்கள்.

டெல்லி வரைக்கும் பெரும்பாலும் நால்வழிச்சாலை. முள் 80-ல் நின்றாலும் பங்க், டீ, சாப்பாடு, ஊருக்குள் நெரிசல் எல்லாம் சேர்ந்து சராசரி 50-ஐத் தாண்டுவது கஷ்டம், ஆக ஒன்பது மணி நேரத்துக்கு 450. முதல் நாள் உற்சாகத்தில் ஒரே மூச்சில் ஹைதராபாத் போகத் தோன்றும், 630 கிலோமீட்டர், போயும் விடலாம், ஆனால் அதற்கான வட்டியை மூன்றாம் நாள் முதுகு கட்டும். இருட்டினால் ஓட்டாதீர்கள். பின்விளக்கில்லாத டிராக்டரும் நடுரோட்டில் படுத்திருக்கும் மாடும் எந்த மேப்பிலும் வராது. ஆக டெல்லிக்கு ஐந்து நாள், நடுவில் ஒரு நாள் ஓய்வு. அங்கிருந்து மணாலிக்கு இரண்டு நாள்.

மணாலிக்கு மேல் கணக்கே வேறு. அடல் சுரங்கப்பாதை 2020-ல் திறந்தபிறகு ரோதாங் கணவாய் ஏற வேண்டியதில்லை, ஆனாலும் பாராலாச்சா, லாச்சுங், தாங்லாங் என்று வரிசையாகக் கணவாய்கள், தாங்லாங் 5,300 மீட்டருக்கு மேல். மணி நேரத்துக்கு 30 கிலோமீட்டர் வந்தாலே நல்ல வேகம். பனி உருகி வரும் ஓடைகள் மதியத்துக்கு மேல் பெருகும் என்பதால் விடியும்போதே கிளம்பிவிட வேண்டும். மணாலியிலிருந்து கிளம்பும் முதல் நாள் வழியில் வரும் ஜிஸ்பா கிராமத்தோடு நிறுத்துங்கள், நூறு கிலோமீட்டர்கூட வராது, ஆனால் 3,200 மீட்டரில் ஒன்றுக்கு இரண்டு இரவு தூங்கினால் உடம்பு உயரத்துக்குப் பழகும். நேராகச் சர்ச்சு போய்த் தங்கினால் (கிட்டத்தட்ட 4,300 மீட்டர்) தலைவலியில் தூக்கம் வராது. ஜிஸ்பாவுக்கு முன்னால் வரும் டாண்டி பங்கில் டேங்கை நிரப்பி, ஐந்து லிட்டர் கேனும் எடுத்துக்கொள்ளுங்கள். லே போனதும் இரண்டு நாள் சும்மா இருங்கள், லேக்கு மேலிருக்கும் கர்துங்லா கணவாய் எங்கும் ஓடிவிடாது.

இப்போது கூட்டிப் பாருங்கள். லேயில் ஓய்வு முடியும்போதே 13 நாள் போயிருக்கும். நுப்ரா பள்ளத்தாக்கு, பாங்காங் ஏரி பார்க்க மூன்று நாள், கார்கில், ஸ்ரீநகர் வழியாக ஜம்மு இறங்க இன்னொரு மூன்று. சென்னைக்குத் திரும்ப ஓட்ட நாளே இல்லை. என் யோசனை, பைக்கை ஜம்முவிலிருந்து ரயிலில் பார்சல் போட்டுவிட்டு (டேங்கைக் காலி செய்யச் சொல்வார்கள், ஆர்சி நகல் கேட்பார்கள்) நீங்கள் விமானத்தில் வந்துவிடுங்கள்.

அப்புறம், ஜூலை வேண்டாமே. மண்டி, குலு பக்கம் மழையில் மண் சரிந்தால் ரோடு எப்போது திறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. லீவைச் செப்டம்பருக்குத் தள்ள முடியுமா என்று ஆபீசில் கேட்டுப் பாருங்கள்.